உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு கோயில் பிராகாரம்

ராமேசுவரம் கோயிலின் வெளிப் பிராகாரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தூண்கள். கூட்டமில்லாத நேரத்தில் கை தட்டினால், ஓசை உடனே அடங்காது. அந்த விசாலத்தை ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் உருவாக்கலாம். சிந்தசைசரில் பின்னணியாக நீண்டு ஒலிக்கும் இத்தகைய ஒலிக்கு ‘பேட்’ என்று பெயர்.

ராமநாதபுரத்தில் தங்கையின் பள்ளி நாடகத்துக்காக இதைச் செய்தேன். ஒத்திகையில் இசை கத்தரித்தது போல நின்றது. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். காரணம், நான் 4-ஆவது படியை விட்டதுதான்.

1. டிராக்ஸ் மெனுவில் புதிய ஸ்டீரியோ டிராக் திறந்து, ஜெனரேட் மெனுவில் டோன் என்பதைக் கிளிக் செய்யுங்கள். சாடூத், 220 ஹெர்ட்ஸ், ஆம்ப்ளிடியூட் 0.2, நேரம் 10 நொடி.

2. இன்னும் இரண்டு டிராக்குகளில் 221, 330 ஹெர்ட்ஸ் கொடுங்கள். 220-ம் 221-ம் சேர்ந்து, நொடிக்கு ஒரு முறை அலைபோல ஏறி இறங்கும். மூன்றையும் செலக்ட் செய்து, ‘மிக்ஸ் அண்ட் ரெண்டர்’ மூலம் ஒன்றாக்குங்கள்.

3. எபெக்ட் மெனுவில் லோ-பாஸ் ஃபில்டர், 1000 ஹெர்ட்ஸ். கரகரப்பு குறையும். முதல் 3 நொடிக்கு ஃபேட் இன், கடைசி 3 நொடிக்கு ஃபேட் அவுட்.

4. எண்ட் கீயை அழுத்தி, ஜெனரேட் மெனுவில் சைலன்ஸ் 5 நொடி சேருங்கள். எக்கோவும் ரிவெர்பும் டிராக்கின் நீளத்தைக் கூட்டுவதில்லை. எதிரொலி அடங்க நாம்தான் இடம் விடவேண்டும்.

5. முழுவதையும் செலக்ட் செய்து எக்கோ (டிலே 0.4, டிகே 0.5), பிறகு ரிவெர்பில் ‘கதீட்ரல்’ பிரீசெட்.

ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். இசை ஓய்ந்த பிறகு வரும் அந்தச் சில நொடிகளில்தான் பிராகாரம் இருக்கிறது.