தோலில் விழுந்த ஓட்டை மூடாது

துணியில் ஊசி குத்தினால் என்ன ஆகும்? ஊசி இழைகளை விலக்கிக்கொண்டு உள்ளே போகும். தையலைப் பிரித்தால் இழைகள் மறுபடி கூடிவிடும். தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டால் ஊசி போன இடமே தெரியாது.

தோல் அப்படி இல்லை. தோலில் ஊசி ஓட்டை போட்டுவிடும். தையலைப் பிரித்தாலும் ஓட்டை வரிசையாக நிற்கும். பையின் முன்பக்கத்தில் தையல் கோணினால் அந்தத் துண்டே வீண்.

பீஸ் கணக்கில் வேலை செய்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கெட்டுப்போன பீஸுக்குக் கூலி கிடையாது. சில இடங்களில் தோலின் விலையையும் கூலியில் பிடித்துக்கொள்வார்கள். ஆகவே தோல் தைப்பவர், மெஷின் தகராறு செய்தால் முதலில் எதைப் பார்ப்பது, எதைத் தொடக்கூடாது என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

பெங்களூரில் இந்தக் கனமான மெஷின்கள் பல இடங்களில் ஓடுகின்றன. சிவாஜிநகரில் பை, பெல்ட், செருப்பு தைக்கிறார்கள். ஜே.சி. ரோட்டில் கார் சீட்டுக்கு உறை தைக்கிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஊர்களில் தோல் பதனிடுகிறார்கள். சென்னையிலிருந்து பெங்களூருக்கு ரயிலில் வந்தால் ஆம்பூரும் வாணியம்பாடியும் வழியிலேயே வரும். கர்நாடக அரசு தோல் தொழிலுக்காக 1976-ல் லிட்கர் என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. வேலை நிறைய உண்டு. மெஷினைப் புரிந்துகொண்டு ஓட்டுபவர்கள்தான் குறைவு.

தையல் எப்படி விழுகிறது?

இதை மட்டும் பொறுமையாகப் படியுங்கள். இது புரிந்தால் பாதி ரிப்பேர் புரிந்த மாதிரி.

கைத்தையல் ஊசியில் காது எங்கே இருக்கிறது? மேலே, மொட்டைப் பக்கம். மெஷின் ஊசியில் காது கீழே, கூர் முனைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் என்பவர் 1846-ல் இப்படிக் காது வைத்த ஊசியோடு ஒரு தையல் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார்.

காது ஏன் கீழே? ஊசி நூலோடு தோலுக்குள் இறங்குகிறது. அடிவரை போய்விட்டு, மேலே ஏறத் தொடங்குகிறது. அப்போது ஊசி ஏறுகிறது. ஆனால் நூல் உடனே ஏறுவதில்லை. தோல் அதைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் ஊசிக்குப் பக்கத்தில் நூல் சின்ன வளையமாகப் புடைக்கிறது. கீழே சுற்றும் கொக்கி அந்த வளையத்துக்குள் நுழைந்து அதைப் பிடிக்கிறது. பாபினைச் சுற்றிக் கொண்டுபோகிறது. மேல் நூலும் கீழ் நூலும் பின்னிக்கொள்கின்றன. ஒரு தையல் முடிந்தது.

வளையம் உண்டாகவில்லை என்றால் கொக்கிக்குப் பிடிக்க ஒன்றும் இல்லை. தையல் விட்டுப் போகும். வளையம் உண்டாகியும் கொக்கி முன்னாலோ பின்னாலோ வந்தால், அப்போதும் விட்டுப் போகும்.

முதலில் மோட்டாரை நிறுத்துங்கள்

எதைத் தொடும் முன்பும் சுவிட்சை அணையுங்கள். அணைத்தால் மட்டும் போதாது. கிளட்ச் மோட்டார் என்றால், சுவிட்ச் அணைத்த பிறகும் உள்ளே சக்கரம் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் கால் பெடலில் பட்டால் ஊசி இறங்கிவிடும். விரல் அங்கே இருந்தால்? ஆகவே விரலை ஊசிப் பக்கம் கொண்டுபோகாமல், பெடலை ஒருமுறை அழுத்தி மெஷினை ஓடவிட்டு நிறுத்துங்கள். சத்தம் முழுதாக அடங்கட்டும். பிறகு காலை எடுத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

மெஷினைச் சோதிக்கும்போது கைச்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். அது ஓடும் திசையிலேயே சுற்றுங்கள். பின்னோக்கிச் சுற்றினால் நூல் சிக்கிக்கொள்ளும்.

நூலை எடுத்துவிட்டு மறுபடி கோருங்கள்

ஒரு சிறு பட்டறையில் பை தைக்கும் அக்கா ஒருவரைப் பார்த்தேன். தையலின் அடிப்பக்கம் நூல் கொசகொசவென்று கிடந்தது. அவர் பாபினைக் கழற்றினார், மாட்டினார். பாபின் கேஸ் திருகைத் திருகினார். அரை மணி நேரம் போனது. கடைசியில் மேஸ்திரி வந்தார்.

"அக்கா, கீழே கைவைக்காதீங்க. மேல் நூலை உருவிட்டு மறுபடி கோத்துப் பாருங்க."

"மேலே நல்லாத்தானே இருக்கு, மேஸ்திரி? கீழேதானே சிக்குது?"

"கீழே சிக்கினா மேலே பாக்கணும்."

மறுபடி கோத்தார். தையல் சரியாக விழுந்தது. மேல் நூல் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவில் உட்காராமல் வெளியே கிடந்திருக்கிறது. நூலை இழுத்துப் பிடிக்க ஒன்றும் இல்லாததால், அது மொத்தமாகக் கீழே இறங்கிவிட்டது. ஆனால் அதற்குள் திருகிய பாபின் திருகைப் பழைய நிலைக்குக் கொண்டுவர இன்னும் அரை மணி நேரம் ஆனது.

ஒரு வழி சொல்கிறேன். பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நூலைக் கோருங்கள். அப்போதுதான் டென்ஷன் தட்டுகள் விலகி நிற்கும், நூல் நடுவில் போய் உட்காரும். கோத்த பிறகு நூலை மெல்ல இழுங்கள். பாதம் மேலே இருக்கும்போது நூல் தாராளமாக வரவேண்டும். பாதத்தை இறக்கினால் இறுக்கமாக வரவேண்டும். இரண்டு நிலையிலும் தாராளமாக வந்தால் நூல் தட்டுக்குள் இல்லை.

தைக்கத் தொடங்கும்போது மேல் நூல், கீழ் நூல் இரண்டின் நுனியையும் பிடித்துக்கொண்டு முதல் இரண்டு மூன்று தையல்களைப் போடுங்கள். தொடக்கத்தில் விழும் சிக்கல் இதிலேயே பெரும்பாலும் போய்விடும்.

அடுத்தது ஊசி

மெஷினில் மிக மலிவான பொருள் ஊசிதான். கோளாறு அதிகம் வருவதும் ஊசியால்தான். ஆனாலும் ஊசியை மாற்றத்தான் நமக்கு மனசு வருவதில்லை!

ஊசியைக் கழற்றி ஒரு கண்ணாடித் துண்டின் மேல் படுக்க வையுங்கள். வளைந்திருந்தால் தெரியும். முனையை நகத்தின் மேல் மெல்ல ஓட்டுங்கள். கீறல் விழுந்தால் முனை கெட்டுவிட்டது. எறிந்துவிடுங்கள்.

புது ஊசியை மாட்டும்போது மேலே முட்டும் வரை தள்ளித் திருகை இறுக்குங்கள். கொஞ்சம் கீழே நின்றாலும் கொக்கி வளையத்தைப் பிடிக்காது. ஊசியின் ஒரு பக்கம் நீளமாக ஒரு பள்ளம் இருக்கும். நூல் எந்தப் பக்கமிருந்து காதுக்குள் நுழைகிறதோ, அந்தப் பக்கம் இந்த நீளப் பள்ளம் இருக்கவேண்டும்.

ஊசிப் பாக்கெட்டை எடுத்து எண்களைப் படியுங்கள். 16/100, 18/110, 22/140 என்று இருக்கும். இரண்டும் ஒரே ஊசியின் எண்தான். இரண்டாவது எண் ஊசியின் தடிமன். 100 என்றால் 1 மில்லி மீட்டர். 140 என்றால் 1.4 மில்லி மீட்டர். எண் கூடினால் ஊசி தடிக்கும்.

நூலில் இது தலைகீழ். நைலான் நூல் கண்டில் 20, 30, 40 என்று எழுதியிருக்கும். எண் கூடினால் நூல் மெலியும். 20-ம் எண் நூல் தடி நூல், 40-ம் எண் நூல் மெல்லிய நூல். இந்த இடத்தில் பலர் குழம்புகிறார்கள். 40-ம் எண் நூலுக்கு 16 அல்லது 18-ம் எண் ஊசி சரியாக இருக்கும். 20-ம் எண் நூலுக்கு 22 போன்ற தடி ஊசி வேண்டும்.

சந்தேகமா? ஊசியை மெஷினில் மாட்டாமல் கையில் வைத்து நூலைக் கோருங்கள். நூலைச் சாய்வாகப் பிடியுங்கள். ஊசி தானாக வழுக்கி இறங்கினால் பொருத்தம். நடுவில் நின்றுவிட்டால் ஊசிக் காது சிறியது. அந்த ஊசியில் தைத்தால் நூல் பிசிறு பிசிறாகக் கிளம்பி அறுந்துபோகும்.

கடைக்குப் போகும்போது பழைய ஊசியைக் காகிதத்தில் குத்தி எடுத்துப் போங்கள். எல்லா மெஷினுக்கும் ஒரே நீள ஊசி இல்லை. பழைய சிங்கர் 29கே மெஷின் சில செருப்புக் கடைகளில் உண்டு. நீண்ட கை இருக்கும், ஷூவுக்குள் போகும். பாதம் எந்தத் திசையிலும் திரும்பும். அதன் ஊசி வேறு, மேசை மெஷினின் ஊசி வேறு. தோலுக்கு என்று வெட்டு முனை வைத்த ஊசியும் உண்டு. கடைக்காரரிடம் கேட்டே வாங்குங்கள்.

தையல் விட்டு விட்டு விழுந்தால்

ஊசியும் நூலும் சரி. ஆனாலும் தையல் விட்டுப் போகிறது. இப்போது பாதத்தின் பக்கத்தில் பாருங்கள். ஊசி ஏறும்போது தோலும் கூடவே மேலே எழும்புகிறதா? எழும்பினால் நூலும் அதோடு ஏறிவிடும். வளையம் எங்கே உண்டாகும்? பாதத்தை அழுத்தும் திருகைக் கொஞ்சம் இறுக்குங்கள். அதிகம் வேண்டாம். மெல்லிய தோலில் பாதத்தின் தடமும் பல்லின் தடமும் பதிந்துவிடும். அதுவும் அழியாது.

இன்னொன்று சொலுஷன். ஒட்டிய உடனே தைத்தால் சொலுஷன் ஊசியில் பிசினாக ஒட்டும். நன்றாகக் காயவிட்டுத் தையுங்கள். இடையிடையே ஊசியைத் துணியால் துடையுங்கள். வேகமும் ஒரு காரணம். வேகமாக ஓடினால் ஊசி சூடாகும். அந்தச் சூட்டில் நைலான் நூல் உருகி அறுந்துவிடும்.

இதற்கும் சரியாகவில்லை என்றால் ஊசித் தட்டைக் கழற்றிக் கைச்சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். ஊசி அடிவரை போய், சுமார் 2 மில்லி மீட்டர் ஏறும்போது கொக்கியின் முனை ஊசிக் காதுக்குச் சற்று மேலே வந்து சேரவேண்டும். முன்பின்னாக வந்தால் டைமிங் தவறிவிட்டது. அது மெக்கானிக் வேலை. நீங்கள் திருகவேண்டாம்.

கடைசியில்தான் டென்ஷன்

மேலே வெள்ளை நூல், கீழே கறுப்பு நூல் போடுங்கள். அதே தோலின் வேஸ்ட் துண்டில் தையுங்கள். நீங்கள் தைக்கப்போகும் பையில் இரண்டு மடிப்பு என்றால் வேஸ்ட் துண்டும் இரண்டு மடிப்பாக இருக்கட்டும். முடிச்சு தோலின் நடுவில் ஒளிந்திருந்தால் டென்ஷன் சரி. கறுப்பு நூல் மேலே எட்டிப் பார்த்தால் மேல் நூல் இறுக்கம். அல்லது கீழ் நூல் தளர்ச்சி. வெள்ளை நூல் கீழே தெரிந்தால் மேல் நூல் தளர்ச்சி. அல்லது கீழ் நூல் இறுக்கம்.

முதலில் மேல் டென்ஷனை மட்டும் மாற்றுங்கள். கால் சுற்று திருகித் தைத்துப் பாருங்கள். மறுபடி கால் சுற்று. ஒரே நேரத்தில் இரண்டு திருகுகளைத் தொட்டால் எதனால் சரியானது, எதனால் கெட்டது என்று யாருக்கும் தெரியாது.

பாபின் கேஸைக் கழற்றக்கூடிய மெஷின் என்றால், கேஸை நூலில் தொங்கவிட்டு லேசாக உதறுங்கள். கொஞ்சம் இறங்கி நிற்கவேண்டும். சரசரவென்று இறங்கினால் தளர்ச்சி. உதறியும் அசையவில்லை என்றால் இறுக்கம். அந்தத் திருகைத் திருகும்போது கீழே வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள். கடுகு அளவு திருகு, விழுந்தால் கிடைக்காது.

தையலின் நீளத்தையும் பாருங்கள். தபால் தலை ஏன் வரிசையாகக் கிழிகிறது? ஓட்டைகள் நெருக்கமாக இருப்பதால்தான். தடித்த தோலில் பொடிப் பொடியாகத் தைத்தால் அதே கதைதான். பெல்ட், பை போன்றவற்றுக்கு அங்குலத்துக்கு 6 முதல் 8 தையல் போதும்.

எண்ணெய்

மெஷின் எண்ணெயைத் தவிர வேறு எதையும் ஊற்றாதீர்கள். அவசரத்துக்குத் தேங்காய் எண்ணெய் விடுபவர்கள் உண்டு. டிசம்பர் மாதக் காலையில் பெங்களூரில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் உறைந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். மெஷினுக்குள்ளும் அப்படித்தான் உறையும். உறையாத நாளில் தூசியைச் சேர்த்துக்கொண்டு பிசினாகும். எண்ணெய் விடும் முன் கொக்கிப் பக்கத்தில் சேர்ந்த தோல் தூளையும் நூல் பிசிறையும் பிரஷ்ஷால் துடைத்து எடுங்கள். எண்ணெய் விட்ட பிறகு வேஸ்ட் துண்டில் கொஞ்ச நேரம் தையுங்கள். இல்லாவிட்டால் நல்ல தோலில் எண்ணெய்க் கறை விழும்.

மெக்கானிக்கைக் கூப்பிட்டால்

"மெஷின் ஓடல" என்று மட்டும் சொன்னால் அவர் எல்லாவற்றையும் கழற்றுவார். நேரமும் காசும் போகும். எந்தத் தோல், எத்தனை மடிப்பு, ஊசி எண் என்ன, நூல் எண் என்ன, எதை எதை மாற்றிப் பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். கெட்ட தையல் விழுந்த வேஸ்ட் துண்டையும் காட்டுங்கள். மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வைத்து எழுதி வந்தால் நினைவு வைக்கும் கஷ்டம் இல்லை. இப்படி எழுதலாம்:

திங்கள். பெல்ட். தோல் 2 மடிப்பு. நூல் 20. ஊசி 22. தையல் விட்டுப் போனது. ஊசி மாற்றினேன். சரியாகவில்லை. பாதத்தின் திருகு அரை சுற்று இறுக்கினேன். சரியானது.