கடைசி இடம் யாருக்கு? ஜாங்கோவில் ஒரு மேல்நிலைப் பாடம்



போன வருஷம் எங்கள் வட்டார இளைஞர் பிரிவு ஒரு சமய முகாம் நடத்தியது. தங்குவதற்கு 60 பேருக்கு மட்டும்தான் இடம். இணையத்தில் பதிவு செய்ய ஒரு தளம் வேண்டும் என்று அண்ணன்மார் கேட்டார்கள். "நான் செய்றேன்ணா" என்று கையைத் தூக்கியவன் நான்தான். ஜாங்கோவை வைத்து இரண்டு வாரத்தில் முடித்தேன். நானே பத்துத் தடவை பதிவு செய்து பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது.

ஞாயிறு இரவு 8 மணிக்குப் பதிவு திறந்தது. கொஞ்ச நேரத்திலேயே இடம் நிறைந்துவிட்டது. சந்தோஷமாகப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் 63 பெயர்! 63 பேருக்கும் "உங்கள் இடம் உறுதி" என்று மின்னஞ்சலும் போய்விட்டது. மறுநாள் மூன்று குடும்பங்களுக்கு நான்தான் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். ஒரு அம்மா கோபப்படவே இல்லை. "பிள்ளை பையெல்லாம் எடுத்து வச்சிட்டான்பா" என்று மட்டும் சொன்னார். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது எனக்கு.

அதிலிருந்து நான் கற்றுக்கொண்டதுதான் இந்தப் பாடம். ஜாங்கோவில் மாடல், வியூ எழுதத் தெரிந்தவர்களுக்கு இது அடுத்த படி.

தவறு எங்கே?

என் நிரல் மூன்று வேலை செய்தது. இதுவரை எத்தனை பேர் என்று எண்ணும். 60-க்குக் குறைவாக இருந்தால் சரி என்று முடிவு செய்யும். பிறகு புதிய பெயரைச் சேர்க்கும்.

ஒருவர் பின் ஒருவராக வந்தால் இதில் பிழையே இல்லை. ஆனால் சர்வரில் ஒரே நிரலின் பல பிரதிகள் ஒரே நேரத்தில் ஓடும். 59 பேர் பதிந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈப்போவில் ஒருவர், கிள்ளானில் ஒருவர், இருவரும் ஒரே நொடியில் பொத்தானை அழுத்துகிறார்கள். இரண்டு பிரதியும் எண்ணுகின்றன, இரண்டுக்கும் 59 என்றே விடை வருகிறது. இரண்டும் பெயரைச் சேர்த்துவிடுகின்றன. அன்னதானத்தில் ஒரே ஒரு வடை மிச்சம் இருக்கும்போது, பரிமாறுகிற இரண்டு பேரும் தட்டை எட்டிப் பார்த்துவிட்டு ஆளுக்கொருவரிடம் "உங்களுக்கு இருக்கு" என்று சொன்ன கதைதான். இதற்கு ரேஸ் கண்டிஷன் என்று பெயர்.

முதல் வழி: பூட்டு

"டிரான்சாக்‌ஷன் போட்டா சரியாயிடும்" என்று பலர் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஜாங்கோவின் 'அட்டாமிக்' தருகிற உறுதி வேறு: உள்ளே இருக்கும் வேலைகள் எல்லாம் நடக்கும், அல்லது எதுவுமே நடக்காது. ஆனால் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் வழக்கமான அமைப்பில், இரண்டு டிரான்சாக்‌ஷன்கள் ஒரே நேரத்தில் எண்ணினால் இரண்டுக்கும் 59 தான் தெரியும். அட்டாமிக் மட்டும் போட்டால் 63 மறுபடியும் வரும்.

அதோடு 'செலக்ட் ஃபார் அப்டேட்' சேர வேண்டும். அட்டாமிக்குக்குள் முதலில் முகாமின் வரிசையை இதன்மூலம் எடுங்கள். முதலில் வந்தவர் அந்த வரிசையைப் பூட்டிக்கொள்வார். அடுத்தவர் வெளியே காத்திருப்பார். முதல்வர் எண்ணி, சேர்த்து, முடித்த பிறகே அடுத்தவருக்குப் பூட்டு திறக்கும். அப்போது அவர் எண்ணினால் சரியாக 60 வரும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். எஸ்கியூலைட்டில் செலக்ட் ஃபார் அப்டேட்டுக்கு எந்த விளைவும் கிடையாது, ஜாங்கோ பிழை எதுவும் காட்டாமல் அதைத் தாண்டிப் போய்விடும். மடிக்கணினியில் எஸ்கியூலைட், சர்வரில் போஸ்ட்கிரெஸ் என்று வேலை செய்தால் நீங்கள் சோதித்தது ஒன்று, ஓடுவது வேறொன்று.

இரண்டாம் வழி: கேட்பதும் குறைப்பதும் ஒரே கட்டளையில்

எனக்குப் பிடித்த வழி இது. முகாம் மாடலில் 'மீதி இடம்' என்று ஒரு எண்ணை வையுங்கள். "இந்த முகாமில் மீதி பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் ஒன்றைக் குறை" என்று ஃபில்டர், அப்டேட் இரண்டையும் சேர்த்து ஒரே கட்டளையாக அனுப்புங்கள். குறைக்கும் கணக்கை பைத்தானில் செய்யாதீர்கள். ஜாங்கோவின் 'எஃப்' எக்ஸ்பிரஷனால் தரவுத்தளத்திடமே விடுங்கள்.

அப்டேட் எத்தனை வரிசைகள் பொருந்தின என்று திருப்பிச் சொல்லும். 1 வந்தால் இடம் கிடைத்தது. 0 வந்தால் முகாம் நிறைந்துவிட்டது. இதையும் பெயர் சேர்ப்பதையும் ஒரே அட்டாமிக்குக்குள் வையுங்கள். பெயர் சேர்க்கும்போது ஏதாவது பிழை வந்தால் குறைத்த இடமும் தானாகத் திரும்பிவிடும். யாராவது பதிவை ரத்து செய்தால், பெயரை நீக்குவதும் ஒன்றைக் கூட்டுவதும் அதேபோல ஒன்றாக நடக்க வேண்டும்.

கடைசிக் காவல்: கன்ஸ்ட்ரெயின்ட்

வியூவில் எவ்வளவு கவனமாக எழுதினாலும், நாளைக்கு ஒரு அண்ணன் அட்மின் பக்கத்தில் நேராகப் போய் எண்ணை மாற்றலாம். அதனால் விதியைத் தரவுத்தளத்திலேயே எழுதிவையுங்கள். மீதி இடம் பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது என்பதற்கு 'செக் கன்ஸ்ட்ரெயின்ட்'. ஒரே முகாமில் ஒரே அடையாள அட்டை எண் இரண்டு முறை வரக்கூடாது என்பதற்கு 'யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட்'. இணையம் மெதுவாக இருக்கும்போது பொறுமை இழந்து பொத்தானை இரண்டு தடவை தட்டுகிறவர்களையும் இதுவே பார்த்துக்கொள்ளும்.

விதி மீறப்பட்டால் 'இன்டெக்ரிட்டி எரர்' எழும். அதை அட்டாமிக்குக்கு வெளியே பிடியுங்கள். உள்ளே பிடித்துவிட்டு மேலும் தரவுத்தளத்தைத் தொட்டால், உடைந்துபோன டிரான்சாக்‌ஷன் அடுத்த கட்டளைகளை ஏற்காது.

மின்னஞ்சல் எப்போது?

என் இரண்டாவது தவறு இது. மின்னஞ்சலை டிரான்சாக்‌ஷனுக்கு உள்ளேயே அனுப்பினேன். பிறகு ஏதாவது பிழையால் பதிவு ரத்தானாலும், போன மின்னஞ்சலைத் திரும்பக் கூப்பிட முடியாது. அதோடு அஞ்சல் சர்வர் பதில் சொல்லும்வரை பூட்டும் திறக்காது, பின்னால் இருப்பவர்கள் எல்லாரும் காத்துக் கிடப்பார்கள். 'ஆன் கமிட்' என்பதில் அந்த வேலையைக் கொடுத்துவிடுங்கள். பதிவு உறுதியான பிறகுதான் அது நடக்கும்.

சோதிப்பது எப்படி?

ஜாங்கோவின் வழக்கமான 'டெஸ்ட்கேஸ்' ஒவ்வொரு சோதனையையும் ஒரு டிரான்சாக்‌ஷனுக்குள் சுற்றி வைத்து, கடைசியில் எல்லாவற்றையும் திருப்பிவிடும். அதனால் பலர் சேர்ந்து வருகிற நெரிசலை அதில் காட்ட முடியாது. இதற்கு 'டிரான்சாக்‌ஷன் டெஸ்ட்கேஸ்' வேண்டும்.

வீட்டுப்பாடம் இதுதான். போஸ்ட்கிரெஸில் ஒரே ஒரு இடம் உள்ள முகாமை உருவாக்குங்கள். 20 திரெட்களை ஒரே நேரத்தில் பதிவு செய்ய விடுங்கள். ஒவ்வொரு திரெட்டும் முடியும்போது அதன் தரவுத்தள இணைப்பை மூட மறக்காதீர்கள். முதலில் என் பழைய முறையில் எழுதி எத்தனை பெயர் நுழைகிறது என்று பாருங்கள். பிறகு இரண்டாம் வழியில் மாற்றி எழுதி, மறுபடி ஓட்டுங்கள். எத்தனை தடவை ஓட்டினாலும் ஒரே ஒரு பெயர்தான் இருக்க வேண்டும்.

நம்மில் பலருக்கு முதல் நிரல் வேலை கோயிலிலிருந்தோ சங்கத்திலிருந்தோதான் வரும். பால்குடப் பதிவு, அர்ச்சனைச் சீட்டு, முகாம் என்று ஏதாவது ஒன்று. சம்பளம் இல்லாத வேலைதானே என்று சோதிக்காமல் விட்டுவிடாதீர்கள். "உங்கள் இடம் உறுதி" என்று நம் நிரல் சொன்னால், அந்தப் பக்கம் ஒரு பிள்ளை பையை எடுத்து வைக்கிறான்.

இந்த வருஷம் அதே முகாமுக்கு அதே தளத்தைத் திருத்தி மறுபடியும் திறந்தோம். பட்டியல் 60-இல் நின்றது. போன வருஷம் இடமில்லாமல் போன அந்தப் பையனின் பெயர் 14-ஆவதாக இருந்தது.