இன்ஸ்டாலரில் மொழியைத் தொடும் முன்

1. மொழி வேறு, வட்டாரம் வேறு, விசைப்பலகை வேறு. மூன்றையும் ஒரே கேள்வியில் அடைக்காதீர்கள். யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்குத் தமிழ்த் திரை வேண்டும், ரூபாயும் நேரமும் இலங்கைக் கணக்கில் வேண்டும், தட்டச்சு மட்டும் ஆங்கிலப் பலகையில் இருக்கலாம். விண்டோஸ் இந்தியத் தமிழுக்கு 1097, இலங்கைத் தமிழுக்கு 2121 என்று தனி எண் வைத்திருப்பது இதற்காகத்தான். டெபியன் இன்ஸ்டாலர் மூன்றையும் தனித்தனியே கேட்கும். சிலருக்கு அது தொணதொணப்பு. என் கட்சி டெபியன் பக்கம்.

2. விண்டோஸுக்கு இன்ஸ்டாலர் கட்டும் கருவியான இன்னோ செட்டப் இயல்பாகவே விண்டோஸின் திரைமொழியைப் பார்த்து மொழியைத் தேர்ந்துகொள்ளும். வட்டார அமைப்பைப் பார்க்கும்படியும் மாற்றலாம். மாற்ற வேண்டாம். தேதி வடிவத்துக்காக ஜெர்மனியை வைத்திருப்பவருக்கு ஜெர்மன் தெரியும் என்று யார் சொன்னது?

3. மொழிப் பட்டியலில் கொடி போடாதீர்கள். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் மூன்றிலும் அரசு ஏற்ற மொழி தமிழ். எந்தக் கொடியைப் போடுவீர்கள்?

4. புதியவர்கள் அதிகம் இடறுவது பெயர்களில். எக்ஸ்பி காலத்து ஜெர்மன் விண்டோஸில் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறைக்கு வட்டிலேயே பெயர் ‘புரோகிராமெ’. பாதையைக் கையால் எழுதிவைத்த இன்ஸ்டாலர்கள் அங்கே தடுமாறின. விஸ்டாவிலிருந்து வட்டில் ஆங்கிலப் பெயர்தான், கண்ணுக்குத் தெரிவது மட்டும் ஜெர்மன். அதோடு தொல்லை விட்டது என்று நினைக்காதீர்கள். ‘அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்’ குழு இன்றும் ஜெர்மனில் ‘அட்மினிஸ்ட்ராடோரன்’. பெயரைத் தேடி அனுமதி கொடுக்கும் ஸ்கிரிப்ட், சென்னையில் ஓடும், பெர்லினில் படுத்துவிடும். எஸ்-1-5-32-544 என்ற அடையாள எண் எந்த மொழியிலும் மாறாது; அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். கோப்புறையையும் இயங்குதளத்திடமே கேட்டு வாங்குங்கள்.

5. பயனருக்குக் காட்டும் எண் வேறு, கோப்பில் எழுதும் எண் வேறு. திரையில் 12,34,567 என்று அவர் ஊர் வழக்கப்படி காட்டுங்கள். அமைப்புக் கோப்பில் வட்டாரம் தீண்டாத வடிவமே இருக்கட்டும். 1.5 என்று எழுத நினைத்தது ஜெர்மன் கணினியில் 1,5 என்று விழுந்தால், அடுத்த முறை படிக்கும் நிரல் அதைப் பதினைந்தாக்கிவிடவும் கூடும். துருக்கி இன்னும் குறும்பு: அங்கே ஆங்கிலப் பெரிய ‘ஐ’யைச் சிறிதாக்கினால் புள்ளியில்லாத எழுத்து வரும். கோப்புப் பெயர்களை அப்படி ஒப்பிட்டால் இருக்கும் கோப்பே ‘இல்லை’ ஆகிவிடும்.

6. மேம்படுத்தும்போது முன்பு தேர்ந்த மொழியையே எடுங்கள். மறுபடி கேட்காதீர்கள்.

7. கடவுச்சொல் கேட்கும் திரையில் எந்த விசைப்பலகை ஓடுகிறது என்று காட்டுங்கள். தமிழ்ப் பலகையைத் தேர்ந்தவருக்கு லத்தீன் எழுத்துக்கு மாறும் விசையையும் அங்கேயே சொல்லுங்கள். புள்ளிகளாகத் தெரியும் கட்டத்தில் என்ன விழுந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்? முதல் லாகினிலேயே வெளியே நிற்பார்.