பழியை அவள் தலையில் போடாதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுவது. ராத்திரி ஒரு மணி வரைக்கும் உன் அறையில் விளக்கு எரிகிறது, வேளைக்குச் சாப்பிடுவதில்லை என்று அண்ணன் போனில் புலம்பினான். அது போதாதென்று, ஆய்வேட்டில் மூன்றாம் அத்தியாயத்தை உன் வழிகாட்டி சொன்னபடியே மாற்றிவிட்டாயாம். எல்லாக் குற்றத்துக்கும் லேடி மேக்பெத்தே வேர் என்று! கேட்டதிலிருந்து மனசு சரியில்லை.

நீ படித்தவள், எப்படி எழுதுவது என்பது உன் இஷ்டம். ஆனால் மேக்பெத் நாடகத்தின் முதல் அங்கம் மூன்றாம் காட்சியை இன்னொரு தடவை படி. சூனியக்காரிகள் பேசிவிட்டுப் போனதுமே கொலை நினைப்பு வந்து மேக்பெத்துக்கு மயிர்க்கூச்செறிகிறது. லேடி மேக்பெத்தோ அதுவரை மேடைக்கே வரவில்லை. ஐந்தாம் காட்சியில்தான், அவன் கடிதத்தோடு வருகிறாள். தூண்டினாள், கோழை என்று குத்திக்காட்டினாள், கத்திகளைத் திரும்பக் கொண்டுபோய் வைத்ததும் அவள்தான். நான் மறுக்கவில்லை. ஆனால் தூங்கும் மன்னன் டங்கனிடம் தன் அப்பா சாயல் தெரிந்ததும் அவளால் குத்த முடியவில்லையே! நண்பன் பாங்கோவைக் கொல்ல ஆள் வைத்ததை அவளிடமே மறைத்தான். மேக்டஃபின் மனைவி மக்களை வெட்டச் சொன்னது அவளா?

செய்தவனை விட்டுவிட்டுப் பெண்டாட்டியைப் பிடிப்பது எல்லாருக்கும் சுலபம். நம் கடை போனதற்கு இன்றுவரை உன் பாட்டியைத்தானே சொல்கிறார்கள்? கையெழுத்துப் போட்டது யார் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. நான் படித்த காலத்து நோட்ஸிலும் நாலாவது சூனியக்காரி என்று ஒரே வரியில் லேடி மேக்பெத்தை முடித்துவிட்டார்கள். அப்படி எழுதினால்தான் மார்க்.

ஆனால் எல்லாரும் அவளை அப்படி முடித்துவிடவில்லை. நடிகை சாரா சிடன்ஸ் 1785இல் லண்டன் டுரூரி லேன் அரங்கில் இவளாக நடித்தார். தூக்கத்தில் நடக்கும் காட்சியில் மெழுகுவர்த்தியைக் கையிலேயே வைத்திருப்பதுதான் அதுவரை வழக்கம். அவர் அதைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் சேர்த்துத் தேய்த்தார். அரங்கை நடத்திய ஷெரிடன் வேண்டாம் என்று தடுத்தும் கேட்கவில்லை. கறை போகாத கையைக் காட்டத்தானே அந்தக் காட்சியே! இவளை மென்மையான பெண்ணாக நினைத்துப் பார்த்து அவர் ஒரு குறிப்பும் எழுதிவைத்திருக்கிறார். அத்தியாயத்தைக் கொடுப்பதற்கு முன் அதைத் தேடிப் படி.

வழிகாட்டியிடம் சண்டை வேண்டாம் கண்ணு, வரிகளைக் காட்டிப் பேசு. அத்தை திட்டுகிறாளே என்று முகம் சுருங்காதே. நம் வீட்டில் உன்னைப்போல் படிக்கிற பிள்ளை யார் இருக்கிறார்கள்? நீ எப்படி எழுதினாலும் எனக்குப் பெருமைதான். கொஞ்சம் பணம் அனுப்பியிருக்கிறேன், அண்ணனிடம் சொல்லாதே. லீவு கிடைத்ததும் ஓடி வா, அடை வார்த்துத் தருகிறேன். இன்றைக்காவது பத்து மணிக்குப் படு.

என்றும் உன்
அத்தை