உப்புக் காற்றுக்கு நடுவே ஒரு வணிக வலையமைப்பு

திண்டிவனம்–புதுச்சேரி நெடுஞ்சாலையிலுள்ள கிளியனூரில் அலுவலகமும், கிழக்கே மரக்காணம் உப்பளங்களின் ஓரத்தில் எடைமேடையும் கிடங்கும் வைத்திருக்கும் வணிகர் ஒருவருக்குத் தேவைப்படுபவை இரண்டு வேறுபட்ட வலைகள். ஒரே வளாகத்துக்குள் இருக்கும் கணினி, பில் அச்சுப்பொறி, கேமரா ஆகியவற்றை ஒன்றோடொன்று இணைப்பது உள்ளக வலை. அந்த வளாகத்தை வெளியுலகோடும் மற்றொரு வளாகத்தோடும் இணைப்பது தொலைத்தொடர்பு நிறுவனம் தரும் வெளியிணைப்பு. "நெட் வரவில்லை" என்று இரண்டையும் ஒரே சொல்லால் சுட்டும் பழக்கம் இருப்பதால், எடைமேடைக் கம்பியில் உள்ள பழுதுக்காக மாதக் கட்டணத்தை உயர்த்தி, அதன் பிறகும் அதே பழுதோடு இருப்பவர்கள் உண்டு. ஆகவே எதையும் வாங்குவதற்கு முன்னர், ஒரு தாளில் எந்தக் கருவி எங்கே உள்ளது, எது எதோடு பேச வேண்டும், இடையே எத்தனை மீட்டர் என்று வரைந்துகொள்வது முதல் வேலையாகும்.

வெளியிணைப்பைத் தேர்வது எளிது. கண்ணாடி இழை கிடைக்கும் இடத்தில் வேறெதையும் எண்ண வேண்டியதில்லை. விளம்பரத்தில் வரும் வேகம் ஒரு நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற கணக்கு. கோப்புகளின் அளவோ மெகாபைட்டில் சொல்லப்படுவது. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால் 40 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு அதிகபட்சம் 5 மெகாபைட்தான் இறங்கும். பில் போடவும் யூ.பி.ஐ. பணம் பெறவும் இதில் சிறு பங்கே போதும். கிளியனூரில் அமர்ந்து மரக்காணத்துக் கேமராவைப் பார்ப்பதற்குத்தான் வேகம் தேவைப்படுகிறது, அதுவும் மரக்காணத்து முனையின் பதிவேற்ற வேகம். எனவே விற்பனையாளரிடம் பதிவிறக்க வேகத்தைக் கேட்பதைவிட, பதிவேற்ற வேகம் என்ன, நிலையான பொது ஐ.பி. முகவரி தரப்படுமா என்ற இரண்டையும் கேட்பது பயன் தரும். ஐ.பி. முகவரி என்பது வலையில் ஒவ்வொரு கருவிக்கும் உரிய எண் அடையாளம். பல நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கின்றன. ரவுட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால் அது அத்தகைய பகிர்வு முகவரியாகும். இரு வளாகங்களையும் வி.பி.என். என்னும் மறையாக்கப் பாதை வழியே இணைக்க எண்ணுவோர், குறைந்தது ஒரு முனைக்காவது நிலையான பொது முகவரி பெற்றிருப்பது நல்லது. இடையே பரந்த கழுவெளி நீர்ப்பரப்பு மறைப்பின்றிக் கிடப்பதைக் கண்டு, உயரக் கம்பம் நட்டு வானொலி இணைப்பு அமைக்கலாம் என்று சிலருக்குத் தோன்றும். கம்பத்தின் செலவும் அதன் துருவும் சேர்ந்து அந்த எண்ணத்தை வீணாக்கிவிடும்.

இடறுவது மூன்றாவது வேலையில்தான்: வளாகத்துக்குள், திறந்தவெளியைக் கடந்து, அலுவலக அறையிலிருந்து எடைமேடை அறைக்கும் கிடங்குக்கும் இணைப்பைக் கொண்டுசெல்வது. வழக்கமாக நிகழ்வது இது: கடையில் மலிவாகக் கிடைக்கும் கம்பிச் சுருளை வாங்கி, கொட்டகையின் தகரக் கூரை மேல் இழுத்து, இரு முனைகளிலும் ஆர்.ஜே. 45 முனையைப் பொருத்திவிடுவார்கள். முதல் மாதம் நன்றாக ஓடும். ஒரு பருவமழைக்குள் கேமரா விட்டுவிட்டு வரத் தொடங்கும். சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். சுத்திகரிக்கப்படாத உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு அதைவிட மிகக் குறைந்த ஈரப்பதத்திலேயே நீரை இழுக்கும். இணைப்பு முனையில் படியும் உப்புத்தூசி விடியற்காலையில் உப்புநீராகவும் நண்பகலில் தூளாகவும் மாறி மாறி இருப்பதால் உலோகம் விரைவாக அரிக்கப்படுகிறது. அதே கம்பி வழியே கேமராவுக்கு மின்சாரமும் அனுப்பப்பட்டால், ஈரத்தின் ஊடாகக் கசியும் மின்னோட்டம் அரிப்பை மேலும் விரைவுபடுத்துகிறது.

செப்புக் கம்பியே போதுமான இடங்களில் மூன்று விதிகள் விலக்கின்றிக் கடைப்பிடிக்கத் தக்கவை. ஒரே இழுப்பில் மொத்த நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு பூசிய, சி.சி.ஏ. எனப்படும் மலிவுக் கம்பியை வாங்கவே கூடாது. கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளை தெரிந்துவிடும், கடைக்காரர் முகம் சுளித்தாலும் சுரண்டிப் பார்ப்பது தவறன்று. முனைகளில் தங்கப் பூச்சு 50 மைக்ரோ இஞ்ச் உள்ளவையே ஏற்றவை. மெல்லிய பூச்சுள்ளவை இக்கடற்கரைக்கு உகந்தவை அல்ல. எட்டு இழைகளின் வரிசை இரு முனைகளிலும் ஒன்றாக, வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்று அமைய வேண்டும் என்பது தொழிலறிந்தோர் அனைவரும் அறிந்ததே.

ஆயினும் ஒரு கட்டடத்திலிருந்து மற்றொரு கட்டடத்துக்குச் செல்லும் இணைப்பு எதுவாயினும், இருபது மீட்டரே ஆனாலும், கண்ணாடி இழையே தகும். கண்ணாடி துருப்பிடிப்பதில்லை, அதைவிட முக்கியமாக, அது மின்சாரத்தைக் கடத்துவதில்லை, எனவே எடைமேடைக் கம்பத்தில் விழும் இடி அலுவலகக் கணினிவரை வந்து சேராது. கண்ணாடி இழை என்றாலே பெருஞ்செலவு என்ற அச்சம் பழையது: வீடுகளுக்கு இணைப்புத் தரும் உள்ளூர்ப் பணியாளரே இழைகளை உருக்கி ஒட்டித் தந்துவிடுவார், இரு முனைகளிலும் ஒளியை மின்குறிப்பாக மாற்றும் மீடியா கன்வெர்ட்டர் என்ற சிறு பெட்டிகள் போதும். ஒற்றை இழையில் இயங்கும் பெட்டிகள் 1310 நானோமீட்டரில் ஒரு திசையும் 1550 நானோமீட்டரில் எதிர்த்திசையுமாகப் பேசுவதால், ஏ முனை, பி முனை என்று ஜோடியாகவே வாங்க வேண்டும். இரண்டும் ஏ முனையாக வாங்கிவந்துவிட்டு இழையைக் குறைசொல்லும் காட்சி அரிதன்று. வெளியே தொங்கவிடும் இழைக் கேபிளில் தாங்குவதற்காக ஓர் எஃகுக் கம்பி இருக்கும்; அதைச் சுவருக்கு வெளியிலேயே வெட்டி நிறுத்திவிட வேண்டும், உள்ளே விட்டால் இடி வருவதற்கான வழியை மீண்டும் திறந்ததாகிவிடும்.

கருவிகளை வைக்கும் பெட்டி இரும்பாலானதாக இருக்கக் கூடாது, ஐ.பி. 66 தரமுள்ள பாலிகார்பனேட் பெட்டியே ஏற்றது (இங்கே ஐ.பி. என்பது முகவரி அன்று, தூசியும் நீரும் புகாத் தன்மைக்கான தரக்குறியீடு). கம்பி அடிப்பக்கத்திலிருந்தே, நுழைவதற்கு முன் கீழே ஒரு வளைவாகத் தொங்கி, நீர் அங்கேயே சொட்டிவிடும்படி நுழைய வேண்டும். நிலத்தொடர்புக்கு நாகப் பூச்சிட்ட குழாயை உப்பு மண்ணில் புதைப்பது சில ஆண்டுகளுக்கு மட்டுமே பயன் தரும் என்பதால் செம்பு பொதிந்த தண்டே நல்லது.

எடைமேடைக் காட்டி பெரும்பாலும் பழைய ஆர்.எஸ். 232 முறையில் பேசுவது. அதன் வரம்பு சுமார் 15 மீட்டர். ஆகவே எடைமேடை அறையிலேயே ஒரு கணினியையோ, அம்முறையை வலைக்கு ஏற்ப மாற்றும் பெட்டியையோ வைத்து, அங்கிருந்து இழையில் கொண்டுசெல்வதே முறை.

முகவரி வழங்குவதில் ஒரே ஒரு விதிதான்: ஒரு வலைக்கு ஒரு ரவுட்டர். கிடங்கில் வைஃபை எட்டவில்லை என்று இரண்டாவது ரவுட்டர் ஒன்றை வாங்கி, அதன் வெளியிணைப்புத் துளையில் கம்பியைச் செருகிவிட்டால், அது தனக்கென ஒரு தனி வலையை உருவாக்கி, தன்னோடு சேரும் கருவிகளுக்குத் தானே முகவரி வழங்கத் தொடங்கும். அதன் விளைவாக, கைப்பேசியில் யூடியூப் ஓடும், ஆனால் அலுவலகக் கணினிக்குக் கிடங்கு அச்சுப்பொறி தெரியாது. இரண்டாவது பெட்டியை அணுகல்முனை என்ற முறைக்கு மாற்றி, முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. வசதியை அணைத்து, சாதாரண உள்துளையில் கம்பியைச் செருகினால் இது தீரும். அச்சுப்பொறி, கேமரா, கன்வெர்ட்டர் ஆகியவற்றுக்கு 192.168.1.200 முதல் மேல்நோக்கி நிலையான எண்களைக் கொடுத்து, தானாக வழங்கப்படும் எண்களை 199-க்குள் நிறுத்தி, அவ்வெண்களைப் பெட்டியின் உட்கதவில் ஒட்டிவைப்பது சிறந்த ஏற்பாடு. இரு வளாகங்களையும் வி.பி.என். வழியே சேர்ப்பதாயின் மற்ற வளாகத்துக்கு 192.168.2 என்று வேறு வரிசை தரவேண்டும். லாரி ஓட்டுநர்களுக்கு வைஃபை கொடுப்பதாயின் விருந்தினர் வலையாகத் தனியே கொடுக்கலாம். பில் கணினி இருக்கும் வலையின் கடவுச்சொல்லைச் சுவரில் எழுதிவைக்கும் பழக்கம் கைவிடத் தக்கது.

மின்சாரம் பற்றி ஒரு செய்தி பலருக்குப் புதிதாக இருக்கும். பழைய செப்புத் தொலைபேசிக்குத் தொலைபேசி நிலையமே 48 வோல்ட் மின்சாரம் அனுப்பியது, எனவே ஊரில் மின்சாரம் போனாலும் அது மணியடித்தது. கண்ணாடி இழை வழியே வரும் இன்றைய தரைவழித் தொலைபேசியோ, கடையில் உள்ள ஃபைபர் மோடத்துக்கு மின்சாரம் போனதும் ஊமையாகிவிடும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது புதுச்சேரி அருகில்தான்; இக்கடற்கரையில் மின்தடை என்பது சில நிமிடக் கணக்கில் முடிவதன்று. மோடத்துக்கும் ரவுட்டருக்கும் அவற்றுக்கேற்ற 12 வோல்ட் சிறு யூ.பி.எஸ். ஒன்றும், வேறொரு நிறுவனத்தின் சிம் பொருத்திய 4ஜி ரவுட்டரும் வைத்திருப்பது குறைந்தபட்சத் தேவை.

பழுது வந்தபின் முதலில் மோடத்தின் விளக்கைப் பார்க்க வேண்டும்: எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளியே வரவில்லை, வெளியே இழை அறுந்திருக்கலாம், நிறுவனத்தை அழைப்பதைத் தவிர வழியில்லை. விளக்கு சரியாக இருந்தால் கணினியிலிருந்து பிங் என்ற கட்டளையால் முதலில் ரவுட்டரையும், அடுத்து வெளி இணையத்திலுள்ள 8.8.8.8 என்ற முகவரியையும், கடைசியாக ஓர் இணையதளப் பெயரையும் தட்டிப் பார்க்கலாம். ரவுட்டரே பதிலளிக்காவிட்டால் பழுது வளாகத்துக்குள். எண் பதிலளித்துப் பெயர் மட்டும் தோற்றால், பெயர்களை எண்களாக மாற்றும் டி.என்.எஸ். அமைப்பில் குறை. மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் காணப்படும் பெறப்படும் ஒளியளவு −27 டி.பி.எம். அளவை நெருங்கினாலோ அதற்குக் கீழே போனாலோ, இணைப்பு இன்னும் அறுந்திராவிட்டாலும், அந்த எண்ணைக் குறிப்பிட்டே புகார் பதிய வேண்டும். "மெதுவாக இருக்கிறது" என்ற புகாருக்கு மோடத்தை அணைத்துப் போடுங்கள் என்ற பதில்தான் கிடைக்கும்.