தொடை இடுக்குப் பிடிப்பு: எங்கே நீவலாம்?

கேள்வி: நாள் முழுக்கத் தையல் மெஷினில் வேலை. எழுந்தால் தொடை இடுக்கு இழுத்துப் பிடிக்கிறது. எண்ணெய் போட்டு நீவலாமா?

பதில்: தாராளமாக நீவலாம், ஆனால் வயிற்றில் ஆழமாக அழுத்தக் கூடாது.

தொடையைத் தூக்கும் முக்கியத் தசை சோவாஸ். கீழ்முதுகெலும்பில் தொடங்கி, இடுப்பின் முன்புறமாக இறங்கித் தொடையெலும்பின் உட்பக்கம் முடிகிறது. உட்கார்ந்திருக்கும்வரை அது சுருங்கியே கிடக்கும். எழுந்ததும் இழுப்பது அதனால்தான். குடலுக்குப் பின்னால், பெரிய ரத்தக்குழாய்களை ஒட்டி இருப்பதால், முழங்கையால் குத்தி அழுத்துவது ஆபத்து.

மல்லாந்து படுத்து, முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்க வேண்டும். இடுப்பின் முன்பக்கம் துருத்தும் எலும்புக்குச் சற்று உட்புறம் விரல்களைத் தட்டையாக வைத்து, மூச்சை விடும்போது மட்டும் மெல்ல அழுத்தலாம். 30 விநாடி போதும். துடிப்பு தெரிந்தாலோ கால் மரத்தாலோ உடனே கையை எடுத்துவிட வேண்டும். அங்கிருந்து முன்தொடை வழியாக முழங்கால்வரை உள்ளங்கையால் நீவுவது இன்னும் பாதுகாப்பானது, பலருக்கு அதுவே போதும்.

கர்ப்பிணிகள், குடலிறக்கம் உள்ளவர்கள், அண்மையில் வயிற்றில் அறுவை சிகிச்சை செய்தவர்கள் வயிற்றுப் பக்கம் தொடவே வேண்டாம். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் நீவாமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்; ரத்தக்கட்டியாக இருக்கலாம்.