வெள்ளிக் காசில் இரண்டு குத்துவாள்

மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு ரோமாபுரிக் காசில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். காசு அடிப்பதும் நம்ம ஸ்மித்தி ஷாப் வேலைதான். கீழ் அச்சைப் பட்டடையில் பதித்து, அதன் மேல் வெள்ளி வில்லையை வைத்து, மேல் அச்சைக் கையில் பிடித்துச் சுத்தியலால் ஓங்கி ஒரு போடு. ஒரு பக்கம் தலை, மறுபக்கம் சின்னம். கை கொஞ்சம் நகர்ந்தால் படம் ஓரத்துக்குப் போய்விடும். அப்படிப்பட்ட காசுகள் ஏராளம்.

இதன் பெயர் தெனாரியஸ். கி.மு. 211 வாக்கில் வந்தது. அகஸ்டஸ் காலத்தில் எடை 4 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. பேப்பர், ரேடியோ இல்லாத காலம். படிக்கத் தெரியாதவனுக்கும் சேதி போக வேண்டுமானால் படம்தான் வழி. எகிப்தைப் பிடித்த பிறகு, கி.மு. 28-ல், அகஸ்டஸ் காசில் ஒரு முதலையைப் போட்டான். நைல் நதி முதலை! வேறு விளக்கம் வேண்டுமா?

என்னை ரொம்ப யோசிக்க வைத்தது புரூட்டஸின் காசு. கி.மு. 44 மார்ச் 15-ல் சீசரைக் குத்தியவர்களில் ஒருவன் அவன். அடுத்த இரண்டு வருஷத்துக்குள், படையோடு இருக்கும்போது இதை அடித்தான். பின்பக்கம் இரண்டு குத்துவாள், நடுவில் ஒரு குல்லா, கீழே அந்தத் தேதி. குல்லா, விடுதலையான அடிமை போட்டுக்கொள்வது. அதாவது, 'கொன்றோம், நீங்கள் விடுதலை'. சரி, முன்பக்கம் திருப்பினால்? புரூட்டஸின் முகம்! உயிரோடு இருக்கும்போதே ரோம் நகரக் காசில் தன் முகத்தைப் போட்ட முதல் ஆள் சீசர்தான். அதையே இவனும் செய்தால் எப்படி? "சம்பளம் கொடுப்பது யாரென்று சிப்பாய்க்குத் தெரியணுமே" என்று ரூம்மேட் வாதாடினான். எனக்கு ஒப்பவில்லை.

நம்ம கோவை, கரூர் வட்டாரத்தில் கிடைத்த வெள்ளிக் காசுகளில் அகஸ்டஸ், டைபீரியஸ் இருவருடையவையே அதிகம். அகஸ்டஸ் காசில் மகள் வயிற்றுப் பேரன்கள் கேயஸ், லூசியஸ் நிற்பார்கள், நடுவே கேடயமும் ஈட்டியும். அடுத்த வாரிசு இவர்களே என்ற அறிவிப்பு. பாவம், லூசியஸ் கி.பி. 2-லும் கேயஸ் கி.பி. 4-லும் செத்துப்போனார்கள். கி.பி. 14-ல் பட்டத்துக்கு வந்தது டைபீரியஸ். இந்தச் சேதியெல்லாம் நம்ம ஊர் வியாபாரிக்குத் தேவைப்பட்டிருக்காது. அவன் பார்த்தது வெள்ளியை. கி.பி. 64-ல் நீரோ எடையையும் வெள்ளியையும் குறைத்தான். அதற்குப் பிறகு அடித்த வெள்ளிக் காசு இங்கே கிடைப்பது அபூர்வம்.

சென்னை எழும்பூர் மியூசியத்தின் சேகரிப்பில் ரோமானியக் காசுகள் உண்டு. பார்க்க வாய்த்தால், சென்டர் தப்பிய காசு எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.